ஓஷ்கோஷிலிருந்து அப்பாவுக்கு

ஓஷ்கோஷ், விஸ்கான்சின்
27.10.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. போனில் பேசினால் உங்களுக்குக் காதில் விழாது என்று தெரிந்தும் இத்தனை நாள் எழுதாமல் இருந்துவிட்டேன். ஞாயிறுதோறும் அம்மாவிடம் பேசுகிறோமே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டது தப்பு.

"துளசேந்திரபுரத்துப் பேத்தி ஜெயிச்சுடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். ஜனநாயகக் கட்சி சார்பில் ஜனாதிபதி தேர்தலில் நிற்கும் கமலா ஹாரிஸுடைய தாத்தா ஊர் நம் மன்னார்குடிப் பக்கம் என்று ஆலையில் சொன்னேன். ஆச்சரியப்பட்டார்கள், அவ்வளவுதான். இங்கே பேச்சே வேறு. எதிர்க்கட்சிக்காரர்களிடமே போய் அவர் ஓட்டுக் கேட்கிறார் என்பதுதான் பேச்சு.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். எண்பத்தொரு வயது. மாட்டுப் பண்ணை வைத்திருந்தவர். சனிக்கிழமைகளில் எனக்குப் புது சீஸ் வாங்கி வைப்பார். கடித்தால் பல்லில் கீச்சென்று சத்தம் வரும், மறுநாள் வராது. அதனால் அன்றே தின்றுவிட வேண்டும் என்று மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். என் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பார். ஓட்டுரிமை வந்த நாள் முதல் குடியரசுக் கட்சிக்குத்தான் போட்டிருக்கிறார். அவர் வீட்டுக்காரரும் அப்படித்தானாம்.

அக்டோபர் 3-ம் தேதி இங்கிருந்து அரைமணி நேரத் தூரத்தில் ரிப்பன் என்ற சின்ன ஊரில் கமலா ஹாரிஸ் பேசினார். அடிமை முறை புதிய பிரதேசங்களுக்குப் பரவக் கூடாது என்று 1854-ல் சிலர் கூடிப் பேசிய பள்ளிக்கூடம் அந்த ஊரில்தான் இருக்கிறது. குடியரசுக் கட்சி பிறந்தது அங்கேதான் என்பார்கள். இரட்டை இலைக்காரர்கள் மட்டுமே இருக்கும் தெருவுக்குள் நீங்கள் சூரியன் கொடியோடு நுழைந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் லிஸ் செனி நின்றார். முன்னாள் துணை ஜனாதிபதி டிக் செனியின் மகள். 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு டிரம்பை எதிர்த்தார். அதனால் 2022-ல் சொந்தக் கட்சித் தேர்தலிலேயே தோற்று நாடாளுமன்ற உறுப்பினர் பதவியை இழந்தவர். ஜனநாயகக் கட்சிக்கு இதுவரை ஓட்டுப் போட்டதே இல்லை, இந்த முறை போடப்போகிறேன் என்று மேடையில் சொன்னார்.

பாட்டி வீட்டு டிவியில்தான் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, ரிமோட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

2020-ல் இந்த மாநிலத்தில் பைடன் ஜெயித்தது 20,682 ஓட்டில். இந்த ஏப்ரலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வில், ஏற்கெனவே விலகிவிட்ட நிக்கி ஹேலிக்கு 70,000-க்கு மேல் ஓட்டு விழுந்தது. அந்த ஓட்டுகளைத்தான் கமலா ஹாரிஸ் தேடுகிறார். ஜெயித்தால் அமைச்சரவையில் ஒரு குடியரசுக் கட்சிக்காரரைச் சேர்ப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் மில்வாக்கிப் பெண்ணுக்கு இது பிடிக்கவில்லை. ஈராக் போர் நடத்தியவர் குடும்பத்தோடு கைகோத்தால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது என்று கேட்டாள். அவள் கோபம் நியாயம்தான். இருந்தும் எதிர்வீட்டுக் கதவைத் தட்ட ஒரு தைரியம் வேண்டும், அப்பா. அதை நான் மதிக்கிறேன்.

வியாழக்கிழமை பாட்டியை முன்கூட்டி ஓட்டுப் போட அழைத்துப் போனேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கார் ஓட்டுவதில்லை. எனக்கு ஓட்டு இல்லாததால் காரிலேயே இருந்தேன். ஒரு பெரியவரை அவர் மகன் முழங்கையைப் பிடித்துப் படியேற்றிக்கொண்டிருந்தான். உங்களை ஏப்ரலில் ஓட்டுப் போடப் பள்ளிக்கூடத்துக்கு யார் கூட்டிப்போனார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவே இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே பாட்டி வந்துவிட்டார். யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வழியெல்லாம் என் கையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

அன்று ராத்திரியே அம்மாவிடம் கேட்டேன். சித்தப்பா மகன்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனானாம். வாய்க்கால் தகராறில் ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுப் பிள்ளை.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கூட இருந்த பையன் டெக்சாஸுக்குப் போய்விட்டதால் வீடு விசாலமாக இருக்கிறது. ஷிப்டு வாரத்துக்கு நான்கு நாள்தான், நல்ல ஓய்வு. தீபாவளியன்று வேலை இருக்கிறது. பணம் இந்த மாதம் இருபதாயிரம்தான் அனுப்பியிருக்கிறேன், மீதியைத் தை மாதத்துக்குள் அனுப்பிவிடுவேன். கூட்டுறவு சங்கத்து நகைக்கடனுக்கு வட்டியை மட்டும் இப்போது கட்டுங்கள். அக்காவிடம் கேட்க வேண்டாம். சம்பா நடவு முடிந்ததா, மேலக்கொல்லையில் தண்ணீர் நிற்கிறதா என்று எழுதுங்கள்.

தங்கச்சி கல்யாணப் பத்திரிகையில் சித்தப்பா பெயரைப் போடச் சொல்லுங்கள். முதல் பத்திரிகையை அம்மாவிடம் கொடுத்தனுப்பாமல் நீங்களே தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அவர் வீட்டு வாசற்படி உயரம், பையனைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்