படியில்லாத வழிக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நாளை மறுநாள் பாரிஸிலிருந்து ஊருக்கு விமானம். பெட்டி பாதிதான் நிரம்பியிருக்கிறது. ஊருக்கு வந்து சாவகாசமாக எழுதிக்கொள் என்கிறார் அம்மா. ஊருக்கு வந்தால் சாப்பிடுவேன், தூங்குவேன், எழுத மாட்டேன். அதனால் துணிகளை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பிப்ரவரியில் விபத்தில் என் கால் முறிந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கே தெரியாத விவரங்களோடு அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியதாகவும் கேள்விப்பட்டேன். ஆகவே மறுபடி சொல்லப்போவதில்லை. எலும்பு கூடிவிட்டது. லேசாக விந்தி நடக்கிறேன். அதுவும் போகப்போகச் சரியாகிவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டார். செமஸ்டர் முடிந்தது, பயிற்சிப் பணியும் முடிந்தது, அறிக்கையும் ஏற்கப்பட்டுவிட்டது. இதில் எதுவுமே நடக்காது என்று மார்ச் மாதத்தில் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். அவர்களில் ஒருவருக்கு மட்டும் இந்த மடலில் அதிக இடம் கொடுக்கப்போகிறேன். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருக்குத் தமிழ் தெரியாது, அவரை உங்களில் யாரும் பார்த்ததும் இல்லை. அதனால்தான் அவரைப் பற்றி நான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நான் பயிற்சிக்குப் போன அலுவலகம் செயின்ட் லாசார் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில், வருகைப் பதிவேட்டோடு ஒரு மேசை. அந்த மேசைக்குப் பின்னால் ஒரு காவலர். எங்கள் நிறுவனத்துக்கும் அவருக்கும் தொடர்பில்லை. கட்டடத்துக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர் அவர். விபத்துக்கு முன்பு எங்களுக்குள் இருந்த பழக்கம், காலையில் வணக்கமாக ஒரு 'போன்ஜூர்', மாலையில் விடைபெற ஒரு 'போன் சுவாரே'. பாரிஸில் 'போன்ஜூர்' இல்லாமல் ரொட்டிகூட வாங்க முடியாது என்பதால் அதைப் பழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது.

மார்ச் பிற்பகுதியில் வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு கையிலும் ஊன்றுகோல், காலில் கட்டு. வீட்டிலிருந்தே செய் என்று அலுவலகத்தில் சொல்லத்தான் செய்தார்கள். ஆனால் விடுதி அறையின் நான்கு சுவர்களை இன்னும் ஒரு வாரம் பார்த்திருந்தால் எனக்குப் புத்தி பேதலித்திருக்கும். முதல் நாள் டாக்ஸியில் போனேன். பயிற்சி மாணவர்களுக்குச் சட்டப்படி தர வேண்டிய குறைந்தபட்சத் தொகை 2025-ல் மணிக்கு 4.35 யூரோ. அதை வைத்துக்கொண்டு பாரிஸில் தினமும் டாக்ஸியில் போக முடியுமா என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்று காவலர் எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டார். எதில் வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். எங்கே தங்கியிருக்கிறாய் என்று கேட்டார். சித்தே யுனிவர்சித்தேர் மாணவர் விடுதி வளாகம், நகரத்தின் தெற்கு எல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டு மேசைக்குத் திரும்பிவிட்டார். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த முறை நான் போனபோது, பதிவேட்டின் அடியிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது. பார்வையாளர்கள் பெயர் எழுதும் அச்சிட்ட படிவம். அதன் பின்பக்கத்தில் நீல மையில் வழி, சிவப்பு மையில் எச்சரிக்கை. விடுதி வாசலில் டி3ஏ டிராம்: நடைமேடையும் டிராமின் தளமும் ஒரே மட்டம், கவலை இல்லை. ஒரே ஒரு நிறுத்தம், ஸ்டாட் ஷார்லெட்டி. அங்கே 21-ஆம் எண் பேருந்து. அது புறப்படும் இடமே அதுதான், ஆகவே உட்கார இடம் கிடைக்கும் என்று எழுதி, கீழே இரண்டு கோடு. ஓட்டுநரிடம் சொன்னால் வண்டியை நடைபாதைப் பக்கம் தாழ்த்துவார், கூச்சப்படாமல் கேள். ஓபேரா நிறுத்தத்தில் கூட்டம் ஏறும், காலை உள்ளே இழுத்துக்கொள். கடைசி நிறுத்தம் வரை வா. அங்கிருந்து கட்டடம் வரை ஒரு சின்ன வரைபடம்: எந்த முனையில் நடைபாதை விளிம்பு சரிவாக இறங்குகிறது, எங்கே கல் பாவிய தரையில் ஊன்றுகோல் வழுக்கும், எந்த மருந்துக்கடை வாசலில் உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறது. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நாற்காலிகூட வரைந்திருந்தார். மூலையில்: எட்டரைக்கு வேண்டாம், ஒன்பதரைக்கு வா.

நான் படிப்பது நகரப் போக்குவரத்துத் திட்டமிடல். பயிற்சியில் என் வேலையே, ஓரிடத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் எங்கெல்லாம் போய்ச் சேரலாம் என்று கணினியில் வரைபடம் போடுவது. சக்கர நாற்காலிக்கான வழியைக் காட்டும் செயலிகள் எல்லாம் என் கைப்பேசியில் இருந்தன. அவை லிஃப்ட் இருக்கிறதா என்று சொல்லும். பெஞ்சு இருக்கிறதா என்று சொல்லாது.

இந்த ஊர் மெட்ரோவைப் பற்றி ஒரு வார்த்தை. 1900-ல் தொடங்கியது. இரும்பில் கொடி படர்ந்ததுபோல ஹெக்டர் கீமார் வடிவமைத்த நுழைவாயில்களை வந்த புதிதில் நானும் வளைத்து வளைத்துப் படம் எடுத்தேன். அந்த அழகுக்கு அடியில் இருப்பதெல்லாம் படிக்கட்டு. எல்லா நிலையங்களிலும் படியில்லாமல் போய்வரக்கூடிய மெட்ரோ பாதை 1998-ல் திறந்த 14-ஆம் எண் பாதை ஒன்றுதான். மாற்றுத் திறனாளிகளுக்காக 2005-ல் வந்த சட்டம் பேருந்தையும் டிராமையும் மாற்றியது; பழைய சுரங்க மெட்ரோவுக்கு மட்டும் விலக்குக் கொடுத்துவிட்டது. சென்ற ஆண்டு பாராலிம்பிக் போட்டிகளின்போது இந்தப் பேச்சு மறுபடி எழுந்தது. முழு மெட்ரோவையும் மாற்ற 20 ஆண்டுகளும் 1,500 முதல் 2,000 கோடி யூரோவும் ஆகும் என்று பிராந்தியத் தலைவர் வலேரி பெக்ரெஸ் சொன்னார். நடக்கும்போது நடக்கட்டும். எனக்கு வேண்டியிருந்தது அடுத்த திங்கட்கிழமைக்கான வழி. அதைப் பதிவேட்டுத் தாளின் பின்பக்கத்தில் ஒருவர் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அவருக்கு எப்படி இவ்வளவும் தெரியும்? பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசித் தெரிந்துகொண்டேன். மாலி நாட்டின் காய் (Kayes) பகுதியிலிருந்து இளைஞராக வந்தவர். முதலில் பல ஆண்டுகள் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் வேலை. அந்த வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். மெட்ரோவின் முதல் வண்டியோ ஐந்தரை மணிக்குத்தான். ஆகவே இரவுப் பேருந்து. எந்த நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கலாம், எந்த ஓட்டுநர் ஓடி வருகிறவருக்காகக் காத்திருப்பார் என்பதையெல்லாம் அப்படித்தான் கற்றாராம். மெட்ரோவில் போகிறவர்களுக்கு நிலையங்கள்தான் தெரியும், தெரு தெரியாது என்றார். இதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. தகவலாகச் சொன்னார்.

இன்னொன்றை அவர் சொல்லவில்லை. சனி, ஞாயிறில் அவருக்குப் பதில் வரும் காவலர் பிறகு பேச்சுவாக்கில் சொன்னார். அந்தத் தாளைக் கொடுப்பதற்காக, தன் விடுமுறை நாளில் 21-ல் ஏறி அந்த வழி முழுவதும் போய்ப் பார்த்திருக்கிறார் மனிதர். விளிம்பு சரிவாக இருக்கும் இடங்களைத் தன் காலால் மிதித்துப் பார்த்துக் குறித்திருக்கிறார். அது ரமலான் மாதம். நோன்போடு.

இதைக் கேட்ட அன்று லிஃப்டில் தனியாக நின்று அழுதேன். விபத்து நடந்த இரவிலும் அழாதவள் என்று அப்பா என்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார் அல்லவா, அவருக்கும் இந்த வரி போய்ச் சேரட்டும்.

தாளோடு நிறுத்தவில்லை. திங்கட்கிழமைதோறும் ஒரு துண்டுச் சீட்டு வரும். இந்த ஊரில் ஏதாவது ஒரு தெருவைத் தோண்டிக்கொண்டேதான் இருப்பார்கள். இல்லாவிட்டால் ஊர்வலம், இல்லாவிட்டால் வேலைநிறுத்தம். வியாழக்கிழமை 21-ஆம் எண் பேருந்து சுற்றிப் போகும், மதியத்துக்கு முன்பே கிளம்பிவிடு என்று இருக்கும். ஒருமுறை சீட்டில் ஒன்றுமே இல்லை, 'எல்லாம் சரி' என்று மட்டும் எழுதியிருந்தார். ஈகைத் திருநாளுக்குப் பிறகு தமிழர் கடைகள் இருக்கும் லா ஷப்பேல் கடைத்தெருவிலிருந்து முறுக்குப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். பிரித்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்து, கடைசி ஒன்றைத்தான் தான் சாப்பிட்டார். பல்லுக்கு நல்ல பயிற்சி என்றார்.

என் பயிற்சி அறிக்கையில் ஒரு அத்தியாயம் அந்தத் தாளால் வந்தது. மெட்ரோ படிக்கட்டுகளில் ஏறி இறங்க முடியாது என்று வைத்துக் கணக்கிட்டால், முக்கால் மணி நேர பாரிஸ் எவ்வளவு சுருங்கிவிடுகிறது என்று வரைந்து காட்டினேன். அந்தத் தாளின் நகலை, அவர் அனுமதியோடு, பின்னிணைப்பாக வைத்தேன். வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் எந்த முறையில் இந்தக் களத்தரவு திரட்டப்பட்டது என்று கேட்டார். கீழ்த்தளக் காவலர் நடந்து பார்த்துத் திரட்டினார் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டார்கள்.

இனி மற்ற எல்லோரும். மொத்தமாகச் சொல்வதை மன்னியுங்கள். அன்றிரவு வந்த தீயணைப்பு வீரர்கள்: பாரிஸில் அவர்கள் ராணுவத்தின் ஒரு பிரிவு, விபத்துக்கும் முதலில் அவர்களே வருகிறார்கள் என்பதை ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன். ரத்தம் உறையாமலிருக்க நாள்தோறும் அறைக்கு வந்து ஊசி போட்டு, என் பிரெஞ்சைத் திருத்திவிட்டும் போன செவிலியர். லா ஷப்பேலில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா; இரண்டு மாதம் சோறும் மீன் குழம்பும் கொடுத்தனுப்பிவிட்டு, காசைப் பற்றிப் பேசினால் "அந்தக் கதையை விடும் பிள்ளை" என்று வாயை அடைத்துவிட்டவர். என் துணியையும் சேர்த்துத் துவைத்த விடுதித் தோழிகள். தேர்வைத் தள்ளிவைத்த பேராசிரியர்கள். மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டிய பயிற்சி ஒப்பந்தத்தைத் திருத்த ஒவ்வொரு மேசையாக ஓடிய அலுவலக மேலாளர். சென்னையில் பணம் திரட்டிய வகுப்புத் தோழர்கள். கணக்கைத் தனியாக அனுப்புகிறேன், மிச்சமிருப்பதைத் திருப்பித் தருவேன், மறுக்கக் கூடாது. தினமும் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் அழைத்து, "தூங்கிவிட்டாயா?" என்று என்னை எழுப்பிக் கேட்ட பெரியம்மா.

ஊருக்கு வந்ததும் ஒரு காரியம் செய்யப்போகிறேன். நீங்கள் எல்லோரும் சாட்சி என்பதால் இங்கேயே சொல்லிவைக்கிறேன். சென்ற மாதக் கடைசியில் வியாசர்பாடியில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கிவைத்த செய்தியைப் படித்தேன். சென்னை மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. பாரிஸைவிட இந்த விஷயத்தில் நாம் ஒரு படி மேலே என்று சிலர் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். இருக்கலாம். ஆனால் தாழ்தளப் பேருந்து நடைபாதையோடு ஒட்டி நிற்கிறதா, நின்றாலும் அந்த நடைபாதையில் ஏற முடிகிறதா, நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வாசல் வரை வழியில் எத்தனை பைக்குகள் நிற்கின்றன என்பதை யாராவது நடந்து பார்த்துத்தான் எழுத வேண்டும். எங்கள் தாம்பரம் பக்கத்திலிருந்து பிராட்வே போகும் 21ஜி-யில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். இங்கேயும் 21, அங்கேயும் 21, ராசியான எண்தான். ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி, பெஞ்சு உட்பட எல்லாவற்றையும் குறிக்கப்போகிறேன். கூட வர விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலோடோ வருகிறவர்கள் இருந்தால் அவர்கள் முன்னே போகட்டும், நான் பின்னால் குறிப்பெடுத்துக்கொண்டு வருகிறேன். வெயில் தணியட்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். சென்னையில் அது எப்போது தணிந்திருக்கிறது?

நாளை காலை கடைசியாக ஒருமுறை அந்தக் கட்டடத்துக்குப் போகிறேன். இந்த மடலை அவருக்குப் பிரெஞ்சில் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். பெயர் போடாதே, வேலையில் கேள்வி கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார், போடவில்லை. முறுக்கு இரண்டு பொட்டலம் வாங்கிவைத்திருக்கிறேன், ஒன்று அவர் வீட்டுக்கு மட்டும்.

கடைசியாக மாமாவுக்கு: மீனம்பாக்கத்தில் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்திருப்பதாக அம்மா சொன்னார். வேண்டாம், ரத்து செய்துவிடுங்கள். நடந்தே வெளியே வருவேன். பெட்டியைத் தள்ள மட்டும் ஆள் வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் தாம்பரத்துப் பெண்
பாரிஸ், ஜூலை 2025