பிரைஸ் யங்கை எடைபோடும் பாந்தர்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

கரோலைனா பாந்தர்ஸ் ரசிகர்களே, வணக்கம்.

நம் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற பிரைஸ் யங்கைப் பற்றி 2023-லிருந்து நம் கூட்டம் பேசியதையும் எழுதியதையும் அடுக்கிப் பார்த்தால், ஒரே ஆள் ஏழெட்டு அவதாரம் எடுத்த மாதிரி இருக்கிறது. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக வந்தபோது ரட்சகர். அந்த வருஷ டிசம்பரிலேயே தண்டம். 2024 செப்டம்பரில் பெஞ்சில் உட்கார வைத்ததும் ‘கதை முடிந்தது’. சீசன் கடைசியில் அட்லாண்டாவில் மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் சேர்ப்பது) எறிந்து, இரண்டை ஓடியே எடுத்ததும் ‘பையன் தேறிவிட்டான்’. 2025 நவம்பர் இன்னும் வேடிக்கை. நியூ ஆர்லியன்ஸிடம் சொந்த மைதானத்தில் தோற்ற ஆட்டத்தில் அவர் எறிந்தது 124 யார்டு. அடுத்த ஞாயிறு அட்லாண்டாவில் 448 யார்டு. நம் பழைய குவார்ட்டர்பேக் கேம் நியூட்டன் வைத்திருந்த 432 யார்டு அணிச் சாதனை அன்றோடு போனது. ஏழு நாளில் ஒருவருடைய திறமை மூன்றரை மடங்கு ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் நாம் மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டோம்.

எண்களைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. வெறும் கண்ணை நம்பினால் அதைவிட மோசம். அவர் 178 சென்டிமீட்டர் உயரம் என்பதுதான் நம் கண்ணுக்கு முதலில் பட்டது. அதன்பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். எண் வேண்டும். ஆனால் குவார்ட்டர்பேக் பெயரில் ஏறும் எண்ணில் பல பேருடைய பங்கு இருக்கிறது. அவருடைய பங்கு எவ்வளவு என்று ஓரளவாவது பிரித்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம் என்பதுதான் என் கோரிக்கை.

நம்மில் பலர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். பேட்ஸ்மேனின் சராசரியைப் பார்த்து ஆளை எடைபோட்டுப் பழகிய கை, இங்கேயும் அதையே செய்கிறது. அங்கே அது பெரும்பாலும் செல்லும். பந்து, மட்டை, ஆள் என்று மூன்றோடு கணக்கு முடிந்துவிடும். இங்கே செல்லாது. ஒரு சாதாரணக் காட்சியை நினைத்துப் பாருங்கள். குவார்ட்டர்பேக் மூன்று யார்டு தள்ளி நிற்பவரிடம் பந்தைத் தட்டிவிடுகிறார். அந்த ஆள் நாலு பேரை உதறிவிட்டு அறுபது யார்டு ஓடுகிறார். ஏட்டில் ஏறுவது: குவார்ட்டர்பேக்குக்கு 63 யார்டு. கொஞ்ச நேரம் கழித்து அதே குவார்ட்டர்பேக் நாற்பது யார்டு தூரத்துக்கு, இரண்டு காவலர்களுக்கு நடுவே, பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் கையில் போய் விழுகிற மாதிரி எறிகிறார். பந்து கையில் பட்டு எகிறுகிறது, எதிரணி பிடித்துக்கொள்கிறது. ஏட்டில்: இன்டர்செப்ஷன் ஒன்று, குவார்ட்டர்பேக் பெயரில். கடிகாரத்தை நிறுத்துவதற்காக வேண்டுமென்றே பந்தைத் தரையில் அடிக்கிறாரே, அதுவும் ‘குறி தவறிய எறிதல்’ கணக்கில்தான் சேரும்.

குவார்ட்டர்பேக்குக்குப் போடும் பாஸர் ரேட்டிங் என்ற மதிப்பெண் இந்த ஏட்டிலிருந்து வருவதுதான். 1973-ல் நம் லீக்கான என்.எஃப்.எல். கொண்டுவந்தது. பிடிபட்ட எறிதல்களின் விகிதம், எறிதலுக்கு எத்தனை யார்டு, டச்டவுன் விகிதம், இன்டர்செப்ஷன் விகிதம் என்று நாலு சமாச்சாரம், உச்சம் 158.3. பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை மடக்கி வீழ்த்துகிறார்களே, அந்த சாக் இதில் கிடையாது. அவர் ஓடி எடுப்பதும் கிடையாது, கையிலிருந்து நழுவ விடுவதும் கிடையாது. எறியும் ஒவ்வொரு பந்தையும் ஆளில்லாத பக்கம் தரையில் எறிந்தாலே 39.6 வந்துவிடும் என்பது இந்தக் கணக்கின் அழகு!

அது உருவான காலத்தில் சராசரி ஆட்டக்காரருக்கு 66.7 வரும்படி வைத்திருந்தார்கள். இப்போது லீக் சராசரியே 90-ஐ ஒட்டி நிற்கிறது. அதனால் 1998-ல் குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங் தன் முதல் சீசனில் வாங்கிய 71.2-ஐயும், 2023-ல் யங் வாங்கிய 73.7-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆறுதல் தேடாதீர்கள். மேனிங் ஆடிய வருஷத்தில் லீக் சராசரி இன்றையதைவிடச் சுமார் பத்துப் புள்ளி கீழே இருந்தது.

சரி, 2023-க்கே வருவோம். 16 ஆட்டம், 527 எறிதல், 315 பிடிபட்டன, 2,877 யார்டு, 11 டச்டவுன், 10 இன்டர்செப்ஷன். சாக் 62, அதில் இழந்தது 477 யார்டு. இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு எளிய கணக்கு உண்டு, பேப்பர் பேனாவே போதும். யார்டோடு டச்டவுனுக்கு இருபது கூட்டு, இன்டர்செப்ஷனுக்கு நாற்பத்தைந்து கழி, சாக்கில் போன யார்டையும் கழி. மிச்சம் 2,170. அதை எறிதலும் சாக்கும் சேர்ந்த 589-ஆல் வகுத்தால் 3.7 வருகிறது. லீக் சராசரி 5.5-க்கும் 6-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும்.

இதைக் கவனியுங்கள்: நியாயமாகக் கணக்குப் போட்டதும் யங் இன்னும் மோசமாகத்தான் தெரிகிறார். நியாயம் என்றால் சலுகை என்று நினைத்து இந்த மடலைத் திறந்தவர்கள் ஏமாந்திருப்பீர்கள்.

அடுத்த கேள்வி, அந்த 3.7-இல் யார் யார் பங்கு என்பது. அவரை எடுக்கும் முதல் தேர்வுக்காக சிகாகோவுக்கு நாம் கொடுத்த விலையில் நம் ரிசீவர் டி.ஜே. மூரும் சேர்த்தி. மூர் அந்த வருஷம் சிகாகோவில் 1,364 யார்டு பிடித்தார். இங்கே 33 வயது ஆடம் தீலன் ஆயிரத்தைத் தாண்டினார். அவருக்கு அடுத்து 600 யார்டு பிடித்தவர்கூட ஒருவர் இல்லை. தலைமைக் கோச் ஃபிராங்க் ரைக் பதினோரு ஆட்டத்தோடு வீட்டுக்குப் போனார். 2024-ல் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்று, குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நின்று காக்கும் ‘கார்டு’ இடத்து ஆட்டக்காரர்கள் இருவரைப் பெரிய பணம் கொடுத்துக் கொண்டுவந்தார்கள். யங் சாக் ஆவது நூறு முயற்சிக்குப் பத்தரையிலிருந்து ஏழுக்கு இறங்கியது. முன்னால் நிற்கும் சுவருக்கும் இந்தக் கணக்கில் கை இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. ஆனால் முழுச் சாட்சி இல்லை. சாக் எல்லாம் அந்தச் சுவர், அதாவது லைன், செய்த பாவம் என்பது பழைய நம்பிக்கை. அணி மாறும்போது சாக் விகிதத்தைக் கூடவே மூட்டை கட்டிக்கொண்டு போகும் குவார்ட்டர்பேக்குகள் நிறைய. முதல் வருஷத்தில் யங் பந்தை வைத்துக்கொண்டு ஒரு நொடி அதிகமாக யோசித்ததை நாம் எல்லோரும்தானே பார்த்தோம்.

‘ஸ்ட்ரவுடை எடுத்திருக்கலாமே’ என்ற புலம்பலுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டாவதாகப் போன சி.ஜே. ஸ்ட்ரவுட் 2023-ல் 23 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன், ரேட்டிங் 100.8. அவரை எடுத்த ஹூஸ்டன் முந்தைய வருஷம் வென்றது மூன்றே ஆட்டம். ஆகவே மோசமான அணிக்குப் போனதால்தான் யங் இப்படி ஆனார் என்று ஒரே வரியில் தப்பிக்க முடியாது. அந்த வருஷம் ஸ்ட்ரவுட் நிஜமாகவே மேல். ஆனால் 2024-ஐயும் பாருங்கள்: அதே ஸ்ட்ரவுட், 20 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன், 52 சாக், ரேட்டிங் 87. ஆள் மாறவில்லை, சட்டைகூட மாறவில்லை. முன்னால் நின்ற லைன் தளர்ந்தது, எண் இறங்கியது.

இன்னொரு சாட்சி நம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஒரே அணி, ஒரே கோச், ஒரே ரிசீவர்கள், வேறு குவார்ட்டர்பேக்: இதைவிட நேர்மையான ஒப்பீடு கிடைக்காது. 2024-ல் இரண்டு ஆட்டத்தோடு யங்கை உட்கார வைத்து மாற்று குவார்ட்டர்பேக் ஆண்டி டால்டனை இறக்கினார்கள். லாஸ் வேகஸில் முதல் ஆட்டம்: 319 யார்டு, மூன்று டச்டவுன், வெற்றி. ‘பார்த்தாயா, குறை அணியிடம் இல்லை’ என்று அன்று எத்தனை பேர் எழுதினீர்கள்! அப்புறம் நாலு ஆட்டம். நாலும் தோல்வி, கடைசியில் வாஷிங்டனிடம் 40-7. அதற்குப் பிறகு அணியைத் திட்டினோமே தவிர, முதல் ஆட்டத்தை வைத்து எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

யங்கைப் பெஞ்சுக்கு அனுப்பிய அந்த இரண்டு ஆட்டத்தில் அவர் எறிந்தது 56. பிடிபட்டது 31, அதாவது 55 சதவீதம். உண்மையில் 60 சதவீதத் திறமை உள்ளவர் 56 தடவை எறிந்தால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அந்த எண் 47-க்கும் 73-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஒரு முழு சீசன், 527 எறிதல் என்றால்கூட இரண்டு பக்கமும் நாலு புள்ளி ஆட்டம் இருக்கும். இன்டர்செப்ஷன் அதைவிட மோசம். நிகழ்வே பத்துதான் என்பதால், அதே ஆட்டத்தை ஆடிவிட்டு ஐந்தோடு தப்பித்திருக்கலாம், பதினாறு வாங்கியும் இருக்கலாம். அந்த இரண்டு ஆட்டத்தில் என்னைப் பயமுறுத்தியது 55 சதவீதம் கிடையாது. இரண்டாவதில் 26 எறிதலுக்கு 84 யார்டு. தூர எறியவே அஞ்சுகிற ஆள் என்று காட்டுகிற எண் அது. எந்த எண்ணைப் பார்த்துப் பயப்படுவது என்பதிலும் ஒரு தேர்ச்சி வேண்டியிருக்கிறது.

பிறகு டால்டன் கார் விபத்தில் கட்டைவிரலைக் காயப்படுத்திக்கொள்ள, யங் திரும்பி வந்து 15 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன். உடனே ‘பெஞ்ச் வைத்தியம்’ பலித்தது என்றார்கள். பலித்திருக்கலாம். ஆனால் படு மோசமான ஒரு கட்டத்துக்குப் பிறகு, எதுவுமே செய்யாவிட்டாலும், அடுத்த கட்டம் கொஞ்சம் மேலே வருவதுதான் வழக்கம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது எந்தக் கஷாயம் குடித்தாலும் அதற்குத்தானே பெயர்.

சூழ்நிலையையும் சேர்த்து எடைபோட வழி இல்லாமல் இல்லை. பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் மூன்றாவதான மூன்றாவது டவுனில் மூன்று யார்டு தேவைப்படும்போது எடுத்த நாலு யார்டு, பன்னிரண்டு தேவைப்படும்போது எடுத்த எட்டைவிடப் பெரிது. எதிர்பார்க்கும் புள்ளி எவ்வளவு கூடியது என்று ஒவ்வொரு ஆட்டத்துணுக்கையும் அளப்பது இதற்காகத்தான். இதன் ஆரம்பம் 1971-ல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை. எழுதிய இருவரில் ஒருவர் வர்ஜில் கார்ட்டர், அப்போது சின்சினாட்டியில் ஆடிக்கொண்டிருந்த குவார்ட்டர்பேக்! தங்களை எப்படி அளக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவரே அரை நூற்றாண்டுக்கு முன் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார். வீரர்களின் தோள்பட்டைச் சில்லு தரும் தகவலிலிருந்து, இவ்வளவு தூரம், இவ்வளவு நெருக்கடி, இந்தப் பந்து பிடிபட எத்தனை சதவீத வாய்ப்பு என்றும் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு மேல் எவ்வளவு எடுத்தார் என்று பார்த்தால், எளிதான எறிதலிலேயே காலம் ஓட்டுகிறவர் யார் என்பது தெரிந்துவிடும். ஆனால் இதுவும் கூட்டுக் கணக்கைச் சுத்தமாகப் பிரித்துவிடாது. ரிசீவர் தப்பான பாதையில் ஓடினாரா என்பது சில்லுக்குத் தெரியாது.

இதையெல்லாம் ஏன் மற்ற ஊர்க்காரர்களிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்? பேக்கர் மேஃபீல்டு, சாம் டார்னால்டு என்ற இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் 2022-ல் ஒரே நேரத்தில் நம் அணியில் இருந்தார்கள். மேஃபீல்டுக்கு இங்கே ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி, 6 டச்டவுன், 6 இன்டர்செப்ஷன், டிசம்பரில் விடுவித்தார்கள். டார்னால்டு 2021-ல் இங்கே 9 டச்டவுன், 13 இன்டர்செப்ஷன். இருவரையும் என்னென்ன சொன்னோம் என்பதை இங்கே எழுதினால் மடல் நாறிப்போகும். 2024-ல் டாம்பா பேயில் மேஃபீல்டு 41 டச்டவுன் எறிந்தார். அதுவும் நம் பிரிவிலேயே இருந்துகொண்டு, வருஷத்துக்கு இரண்டு தடவை நம் முன்னால் வந்து. டார்னால்டு மினசோட்டாவில் 35 டச்டவுன், 14 வெற்றி. நம்மிடம் இருந்தபோது ஏட்டில் ஏறியது அவர்களுடைய திறமையா, நம் அணியுடைய லட்சணமா?

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, எல்லா இளைஞனும் பொறுத்திருந்தால் பஃபலோவின் நட்சத்திர குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் ஆகிவிடுவான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆலன் எறிந்ததில் பிடிபட்டது முதல் வருஷம் 52.8 சதவீதம், மூன்றாம் வருஷம் 69.2 சதவீதம் என்பது உண்மை. மோசமாகத் தொடங்கி மோசமாகவே முடித்தவர்களை நாம் மறந்துவிடுவதால்தான் அந்த உதாரணம் இவ்வளவு பளபளக்கிறது. 2007-ன் முதல் தேர்வான ஜமார்கஸ் ரஸல் ஓக்லாந்தில் 25 ஆட்டம் தொடங்கி வைத்தார். 18 டச்டவுன், 23 இன்டர்செப்ஷன், அதோடு சரி. ஆலனைச் சொல்கிறவர்கள் ரஸலையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வெற்றி தோல்விப் பட்டியலையும் தயவுசெய்து குவார்ட்டர்பேக் பெயரில் எழுதாதீர்கள். 2023-ல் அணி 2-15, அதாவது இரண்டு வெற்றி, பதினைந்து தோல்வி. அதற்காக அவர் தலையை உருட்டினோம். 2025-ல் 8-9 என்ற கணக்கோடு பிரிவையே வென்றுவிட்டோம். வென்றதை விட தோற்றது அதிகம், மற்ற மூன்று அணியும் சேர்ந்து தடுமாறியது நமக்கு வாய்த்தது. அதற்காக அவருக்கு மாலை போடுவதும் அதே தப்புதான்.

என் கணிப்பு என்ன என்று கேட்பீர்கள். யங் தண்டமும் இல்லை, ரட்சகரும் இல்லை. நல்ல லைனும் இரண்டு நல்ல ரிசீவர்களும் இருந்தால் ஒரு அணியைத் தாங்குவார். இல்லாத இடத்தில் தனியாளாகத் தூக்கி நிறுத்தமாட்டார் என்றுதான் இதுவரையுள்ள எண்கள் எனக்குச் சொல்கின்றன. அவருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுக்கலாமா என்ற பேச்சு வரும்போது என் வாதம் இந்த இடத்திலிருந்து தொடங்கும். மறுக்கிறவர்கள் எண்ணோடு வாருங்கள். எத்தனை எறிதலை வைத்துச் சொல்கிறீர்கள் என்பதை மட்டும் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு ரசிகன்