கண்ணுக்கும் மூக்குக்கும் ஒரே காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீடித்த சைனஸ் தொல்லை பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையில் உடலின் பல உறுப்புகளில் சிறு அழற்சி முடிச்சுகளை உண்டாக்கும் சார்காய்டோசிஸ் என்ற நோயைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம் அளித்தது.

என் அக்காவுக்குக் கண் சிவந்து, வெளிச்சத்தில் விழிக்க முடியாமல் கூசியபோதெல்லாம் ஒரு மருத்துவர் சொட்டு மருந்து எழுதித் தந்தார். தீராத மூக்கடைப்புக்கும், காலையில் மூக்கைச் சிந்தும்போது கைக்குட்டையில் இரத்தக் கறையுடன் விழுந்த பொருக்குக்கும் வேறொரு மருத்துவர் சைனஸ் மருந்து கொடுத்தார். இரண்டு ஆண்டுகள் இப்படியே போயின. பிறகு பார்த்த கண் மருத்துவர், கார்னியா எனப்படும் விழியின் முன்பக்க ஒளிபுகு படலத்தின் உட்புறத்தில் கொழுப்புத் துளிகளைப் போல ஒட்டியிருந்த படிவுகளைக் கண்டதும், "மூக்கில், தோலில், மூச்சில் ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. கண்ணுக்கு வந்த இடத்தில் மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை.

மார்பு சி.டி. ஸ்கேனில் இரு நுரையீரல்களின் வேர்ப்பகுதியிலும் நிணநீர் முடிச்சுகள் வீங்கியிருந்தன. மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த திசுவில், காசநோயில் வழக்கமாகக் காணப்படும் திசு அழிவு இல்லாத கிரானுலோமாக்கள், அதாவது அழற்சி செல்கள் திரண்ட நுண்ணிய முடிச்சுகள், தெரிந்தன. ஆனால் இதை மட்டும் வைத்து மருத்துவர்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை. காசநோய், பூஞ்சைத் தொற்று ஆகியவற்றோடு, மூக்கையும் கண்ணையும் இதேபோல் தாக்கக்கூடிய ஜி.பி.ஏ. என்ற இரத்தக்குழாய் அழற்சியும் இல்லை என்பதை உரிய சோதனைகளால் உறுதிசெய்த பிறகே சார்காய்டோசிஸ் என்று நோயின் பெயரைச் சொன்னார்கள்.

இந்நோயில் உயரக்கூடிய ஏ.சி.இ. என்ற நொதியின் அளவு இரத்தத்தில் இயல்பாக இருக்கிறது என்பதற்காக இந்நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. எனலாப்ரில், ராமிப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளே அந்த அளவைக் குறைத்துக் காட்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளை முதலில் தொடங்கிவிட்டால், பின்னர் எடுக்கும் திசுவில் நோயின் அடையாளம் மங்கிப்போகலாம் என்பதால், பார்வைக்கு உடனடி ஆபத்து இல்லாதவர்கள் பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனையை முன்னதாகச் செய்துகொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். கண்ணைக் காக்கும் சிகிச்சையைத் தள்ளிப்போடச் சொல்வதாக இதை எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவனிக்காத கண் அழற்சி கண்ணழுத்த நோயிலும் பார்வை இழப்பிலும் கொண்டுபோய் விடும்.

நுரையீரலிலோ தோலிலோ சார்காய்டோசிஸ் இருப்பதாக அறிந்தவர்கள், கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஒருமுறை முழுமையான கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் தங்கள் மருத்துவப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்