விதி இருந்த ஊருக்குப் போன கருவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல் தொழில்நுட்பம் நாடு விட்டு நாடு பரவாததற்குக் காப்புரிமையே பெருந்தடை என்று உங்கள் இதழில் வந்த கட்டுரை சொல்கிறது. கார்ப் புகையிலுள்ள நச்சு வாயுக்களை வெளியேறும் முன்பே மாற்றிவிடும் கருவியான கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பரவிய விதத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

கார்ப் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 1975 மாடலுக்குள் 90 சதவீதம் குறைக்கச் சொன்னது அமெரிக்காவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம். எந்தக் கருவியால் என்று அது சொல்லவில்லை; அளவும் கெடுவும் மட்டுமே விதித்தது. முடியாது என்றார்கள் கார் தயாரிப்பாளர்கள். கெடு ஓராண்டு தள்ளிப்போனாலும் இடைக்கால வரம்பு ஒன்று வைக்கப்பட்டதால், 1975 மாடல்களில் பெரும்பாலானவை கன்வெர்ட்டரோடுதான் வந்தன. ஜப்பானின் ஹோண்டாவோ எரியறையை மாற்றியமைத்து, கன்வெர்ட்டர் இல்லாமலே அந்த அளவை எட்டியது. வரம்பை விதித்துவிட்டு வழியைத் திறந்துவிட்டதன் பலன் அது.

நைட்ரஜன் ஆக்சைடையும் சேர்த்து நீக்கும் மும்முனைக் கன்வெர்ட்டருக்குக் காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே வரவேண்டும். பெட்ரோல் கூடினால் கார்பன் மோனாக்சைடு எரியாது. காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு சிதையாது. அதைக் கண்காணிக்கும் ஆக்சிஜன் சென்சாரைச் செய்தது ஜெர்மனியின் பாஷ் நிறுவனம். ஆனால் 1976இல் அது முதலில் ஏறியது, கலிஃபோர்னியாவுக்குப் போன ஸ்வீடனின் வால்வோ கார்களில்! காரணம், கடுமையான வரம்பு அங்கேதான் இருந்தது. ஐரோப்பா முழுவதும் புதிய பெட்ரோல் கார்களில் கன்வெர்ட்டர் கட்டாயம்போல் ஆனது 1992இல் தொடங்கிய யூரோ 1 விதிகளால்தான்.

இன்னொன்று, எரிபொருள். பெட்ரோலில் ஈயம் இருந்தால் அது கன்வெர்ட்டருக்குள் வேலை செய்யும் பிளாட்டினத்தின் மேல் படிந்து மூடிவிடும். சில டேங்க் நிரப்புவதற்குள் கன்வெர்ட்டர் செத்துவிடும், பிறகு மீட்க முடியாது. அதனால்தான் அமெரிக்கா 1974 ஜூலைக்குள் பெரிய பங்க்குகளில் ஈயமில்லா பெட்ரோல் வைக்கச் சொன்னது. ஈய பெட்ரோல் நிரப்பும் குழாயின் முனை நுழையாதபடி புதிய கார்களின் டேங்க் வாயையும் குறுக்கியது. இந்தியாவில் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புதிய கார்களுக்குக் கன்வெர்ட்டர் 1995 ஏப்ரலில் வந்தது. நாடு முழுவதும் ஈயமில்லா பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் ஈய பெட்ரோல் மட்டுமே கிடைத்த ஊரில் டேங்க் நிரப்பிய சென்னைக் கார்களின் கன்வெர்ட்டர் என்னவாகியிருக்கும்? கருவிக்கும் எரிபொருளுக்கும் ஒரே தேதி வைத்திருக்க வேண்டும். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ் 6 விதிகள் வந்தபோது அந்தத் தவறு நேரவில்லை. கன்வெர்ட்டரின் திறனைக் கெடுக்கும் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10க்குக் குறைந்த பெட்ரோலும் அப்போதே நாடெங்கும் வந்தது.

இப்போதைய குறை வேறு. நம் புகைப் பரிசோதனை பெட்ரோல் கார்களில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதே இல்லை. வண்டி நின்றபடி என்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் அளந்தும் பயனில்லை; வண்டியை உருளைகள்மேல் ஏற்றி, சுமை கொடுத்து ஓட்டினால்தான் அது வெளிப்படும். கன்வெர்ட்டரில் நைட்ரஜன் ஆக்சைடைச் சிதைப்பது ரோடியம் என்ற உலோகம்; அந்த வேலை நின்றுபோனாலும் இன்றைய சான்றிதழில் தெரியாது. மாவட்டத்துக்கு ஒரு மையத்திலாவது இந்தச் சோதனையை அரசு தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்