எல்லா நாளும் 130/80

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

பெங்களூரு முதியோர் இல்லங்களில் லிஃப்ட், தோட்டம், சைவச் சமையல் எல்லாம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். உண்மைதான். என் அத்தை இரண்டு வருஷமாக ஓசூர் ரோடு பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கிறார். அங்கே சாம்பாரைக் குறை சொல்ல மாட்டேன்.

பொங்கலுக்கு அவரை அல்சூரில் எங்கள் வீட்டில் நாலு நாள் வைத்திருந்தோம். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது நர்ஸ் மேஜையில் பிரஷர் நோட்டு திறந்து கிடந்தது. அத்தை பெயருக்கு நேரே ஜனவரி ஒன்றிலிருந்து தினமும் 130/80. எங்கள் வீட்டில் கரும்பைக் கடிக்க முடியாமல் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அந்த நாலு நாளும் அதே 130/80!

அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் துருவினேன். வெறும் வயிற்றில் போட வேண்டிய தைராய்டு மாத்திரையை இட்லிக்குப் பிறகு, கால்சியம் மாத்திரையோடு ஒரே கிண்ணத்தில் கொடுக்கிறார்கள். அத்தைக்குச் சர்க்கரை உண்டு; மூன்று மாத சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை, சேர்க்கும்போது நாங்கள் எடுத்துக் கொடுத்ததோடு சரி. கட்டைவிரல் நகம் வளைந்து சதையில் இறங்கியிருந்தது. சாக்ஸைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அத்தை கும்பகோணத்திலிருந்து வந்தவர், தமிழ் மட்டும்தான் தெரியும். "கால் குத்துதும்மா" என்றால் அங்கிருக்கும் பெண்கள் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அவர்களைத் திட்டவும் மனம் வரவில்லை. ராத்திரியில் முப்பது பேருக்கு இரண்டே பேர். வாரம் ஒரு முறை வரும் டாக்டரோ வராந்தாவில் நின்றபடியே நலம் விசாரித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. மாவட்டத்துக்கு ஒரு இல்லமாவது வேண்டும், அதில் வசதியற்ற 150 பேராவது தங்க இடம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. தனியார் இல்லங்களையும் பதிவு செய்து குறைந்தபட்சத் தரம் வகுக்கும் திருத்த மசோதா 2019-ல் மக்களவைக்கு வந்தது. 2024-ல் அவை கலைந்ததோடு அதுவும் காலாவதியாகிவிட்டது. மறுபடி வரும்வரை மாநில அரசு கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டுமா? முன்னறிவிப்பில்லாமல் ஒரு அரசு டாக்டர் போய், நோட்டில் உள்ளதையும் ஆளையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை அந்த நோட்டை வீட்டாருக்குக் காட்ட வேண்டும் என்றாவது சொல்லலாம்.

மேலாளரிடம் நோட்டைக் காட்டிக் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரி மேடம், இனிமே நீங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போற நாள்ல எழுத வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு