காலணா கொடுத்துப் போட்ட ரயில்

மயிலாடுதுறை

அன்புள்ள சீனு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் கோவையிலேயே வேலை அமைந்ததில் எனக்கும் மிகுந்த சந்தோஷம். அவளுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். தம்பி இந்த வருஷமும் சம்பா நட்டிருக்கிறான். ஆற்றில் தண்ணீர் முறையாக வருகிறது, மழைதான் கொஞ்சம் தள்ளிப் போகிறது.

கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "என்ன இருந்தாலும் நம் பக்கத்துக்கு ரயிலைக் கொடுத்தது வெள்ளைக்காரன்தானே." அந்த வரி என்னை விடவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு நம் பக்கத்து ரயில்களைப் பற்றி நான் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும். அதனால் பதில் கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுமையாகப் படி.

நீ மனதில் வைத்திருப்பது நாகப்பட்டினம் – திருச்சி பாதையாக இருக்க வேண்டும். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு வண்டி ஓடியது, அடுத்த வருஷம் திருச்சியைத் தொட்டது. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற லண்டன் கம்பெனி. பணம் போட்ட இங்கிலாந்துக்காரர்களுக்கு வருஷத்துக்கு 5 சதவீத வட்டி உறுதி என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்திருந்தது. ரயில் சம்பாதித்துக் கொடுத்தால் சரி, குறைந்தால் மீதியை இந்திய வருவாயிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அந்த வருவாயில் பெரும்பங்கு நிலவரி. நஷ்டம் வந்தால் நம் ஊர் மிராசுதாரும் குத்தகைக்காரரும் தாங்க வேண்டும், லாபம் வந்தால் லண்டனுக்குப் போகும். இதைக் கொடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் பாதை முதலில் போடப்பட்டபோது அகலப் பாதை. 1875இல் அதைப் பிரித்து மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலமுள்ள குறுகிய பாதை ஆக்கினார்கள். நம் காலத்தில் மீண்டும் கோடிக்கணக்கில் செலவு செய்து அகலப் பாதை ஆக்கினோம். முதலிலிருந்த அகலத்தை அப்படியே விட்டிருந்தால் டெல்டாவின் கதையே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் நீயும் நானும் வளர்ந்தது அந்தப் பாதையில் இல்லையே! நம்முடையது மயிலாடுதுறையிலிருந்து பேரளம், பூந்தோட்டம், நன்னிலம், திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டைக்குப் போகும் பாதை. அதைப் போட்டது எந்த லண்டன் கம்பெனியும் இல்லை. மாவட்டத்து உள்ளாட்சி அமைப்பான தஞ்சாவூர் ஜில்லா போர்டு.

டெல்டாவில் கல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். எங்கே தோண்டினாலும் களிமண்ணும் வண்டலும்தான். ரோடு போடச் செம்பூராங்கல் வேண்டுமென்றால் வல்லம் பக்கம் போக வேண்டும். அதைக் கொண்டுவந்து கொட்டினாலும் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. ஐப்பசி கார்த்திகையில் நெல் வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கி நிற்கும். உள்ளே விளைந்த நெல்லும் கடலோரத்து உப்பும் வெளியே போக வழியில்லை. சென்னையிலிருந்து கடலூர், மாயவரம் (அதுதான் இன்றைய மயிலாடுதுறை), தஞ்சாவூர் வழியாக வரும் பெரிய பாதை 1870களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குத் தெற்கே கடல்வரை உள்ள நாடு முழுவதும் மாட்டு வண்டியை நம்பிக் கிடந்தது.

ஜில்லா போர்டு இதற்குக் கண்டுபிடித்த வழியைத்தான் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நிலத்தின் வருஷ மதிப்பில் ரூபாய்க்கு 3 தம்படி என்று ரயிலுக்காகத் தனியாக ஒரு வரி போட்டார்கள். 3 தம்படி என்றால் காலணா, ரூபாயில் 64இல் ஒரு பங்கு. முதல் வண்டி ஓடுவதற்குப் பல வருஷங்கள் முன்பிருந்தே இந்தக் காலணாவை வாங்கிச் சேர்த்து வைத்தார்கள். ரயிலைக் கண்ணால் பார்க்காத கிராமத்து விவசாயி, அது தன் ஊருக்கு வருமா வராதா என்று தெரியாமலே கொடுத்த பணம் அது. போர்டின் தலைமையில் வெள்ளைக்கார கலெக்டர் இருந்தார், என்ஜினும் இங்கிலாந்திலிருந்து வந்தது, அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. பணம் யாருடையது என்பதுதான் என் பேச்சு.

1894 ஏப்ரல் 2ஆம் தேதி மாயவரம் – முத்துப்பேட்டை பாதை திறந்தது. நீளம் 54 மைல், மீட்டர் கேஜ். வண்டியை ஓட்டும் பொறுப்பு மட்டும் சவுத் இந்தியன் ரயில்வேயிடம் கொடுக்கப்பட்டது, பாதைக்குச் சொந்தக்காரர் ஜில்லா போர்டு. 1902இல் பட்டுக்கோட்டைக்கும், 1903 முடிவதற்குள் அறந்தாங்கிக்கும் நீட்டினார்கள். அறந்தாங்கியிலிருந்து காரைக்குடியைத் தொட்டது சுதந்திரத்துக்கு அப்புறம், 1952இல்.

இதைப் பார்த்து மற்ற ஜில்லா போர்டுகளும் இறங்கின. கிருஷ்ணா ஜில்லா போர்டு பெஜவாடாவிலிருந்து (இன்றைய விஜயவாடா) மசூலிப்பட்டினத்துக்குப் போட்டது. திருநெல்வேலி ஜில்லா போர்டு திருச்செந்தூருக்குப் போட்டது, 1923இல் வண்டி ஓடியது. நீ இப்போது இருக்கும் கோவையிலும் ஜில்லா போர்டு போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915இல் கொண்டுபோனது. பேத்தியோடு பொள்ளாச்சி ரயிலில் போகும்போது அவளுக்கு இதைச் சொல்லிக் கொடு.

நம் பாதை வந்த பிறகு அதிலிருந்து கிளைகள் முளைத்தன. பேரளத்திலிருந்து 1898இல் காரைக்காலுக்கு ஒன்று போனது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது, ஆனாலும் தண்டவாளம் எல்லையைத் தாண்டிப் போனது. 1980களில் அதை மூடிவிட்டார்கள். இப்போது அகலப் பாதையாகத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். திருநள்ளாறு போகும் கூட்டத்தை நினைத்தால் இது எப்போதோ நடந்திருக்க வேண்டிய காரியம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளிக்கு 1919இல் போனது இன்னொன்று. உப்பளத்துக்காகவே போட்ட பாதை. பதினொரு வருஷம் கழித்து, 1930 ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து கிளம்பியது இதே அகஸ்தியம்பள்ளி உப்புக்காகத்தான். அந்தக் காலத்தில் திருச்சியில் ஏறினால் ரயிலிலேயே உப்பளத்து வாசலில் இறங்கியிருக்கலாம். அவர்கள் சுமார் 150 மைல் நடந்தார்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தால் தண்டனை என்று கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார், அதையும் மீறி வழியெல்லாம் ஜனங்கள் சோறு போட்டார்கள். ஏப்ரல் 30இல் உப்பை அள்ளினார்கள். சர்க்கார் வரி போட்ட உப்பு அந்தத் தண்டவாளத்தில் மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருக்க, பக்கத்திலேயே ஒரு கைப்பிடி உப்புக்காக மனிதர்கள் ஜெயிலுக்குப் போனார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்தப் பாதையும் நடுவில் பல வருஷம் செத்துக் கிடந்தது. 2023 ஏப்ரலில் அகலப் பாதையாக உயிர் வந்திருக்கிறது. நீ அடுத்த முறை வரும்போது அதில் கட்டாயம் போக வேண்டும், உப்புச் சத்தியாக்கிரக ஸ்தூபியையும் பார்த்துவிட்டு வரலாம்.

உயிர் வராதது தரங்கம்பாடிப் பாதை ஒன்றுதான். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையார், தரங்கம்பாடி. இந்த ஸ்டேஷன் பெயர்களை நீ வரிசை மாறாமல் பாட்டு மாதிரி சொல்வாயே, நினைவிருக்கிறதா? 1926இல் வந்து 80களின் நடுவில் நின்றுபோனது. கொஞ்ச நாள் முன்பு ஒரு கல்யாணத்துக்குப் பொறையார் போனபோது பழைய தண்டவாள மேடு இருக்கும் இடம் தேடிப் போய்ப் பார்த்தேன். கருவேலம் மண்டிக் கிடக்கிறது, சில இடத்தில் சிறு பாலத்தின் செங்கல் கட்டு மட்டும் மிச்சம்.

பஸ் அடிக்கடி வந்தது, ஜனங்கள் பஸ்ஸில் ஏறினார்கள், ரயிலில் டிக்கெட் வரவில்லை என்று அப்போது காரணம் சொன்னார்கள். அதில் உண்மையும் இருக்கிறது. ஒரு நாளைக்குச் சில தடவை மட்டும் வரும் வண்டிக்காக யார் காத்திருப்பார்கள்? ஆனால் இப்போது நிலைமை வேறு. திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் என்று வெளியூரிலிருந்து தினம் எத்தனை குடும்பம் வருகிறது! வயதான தம்பதிகள் மயிலாடுதுறை ஸ்டேஷனில் இறங்கி, மூட்டை முடிச்சோடு வேன் பேரம் பேசி நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. 2020இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆகிவிட்டது. மாவட்டத் தலைநகரிலிருந்து அதே மாவட்டத்துக் கடற்கரை ஊருக்கு, 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊருக்கு, ரயில் கிடையாது. மற்ற இரண்டு கிளைகளும் திரும்பி வந்த பிறகு இதை மட்டும் விட்டுவைப்பது நியாயமே இல்லை.

சரி, திரும்ப நம் பாதைக்கே வருகிறேன். திருவாரூர் – காரைக்குடி வண்டி 2012இல் நின்றதும் நீ போனில் வருத்தப்பட்டாய். கம்பன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பியவன் அல்லவா நீ! பட்டுக்கோட்டை – காரைக்குடி 2018இலும், திருவாரூர் – பட்டுக்கோட்டை 2019இலும் அகலப் பாதையாகத் திறந்தன. ஆனால் ஆரம்பத்தில் கேட்டுகளுக்கு ஆள் போதவில்லை. வண்டியிலேயே கேட் கீப்பர் வருவார், ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடுவார், வண்டி தாண்டியதும் இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறுவார். சுமார் 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதில் போகும்போது எனக்குப் பழைய மீட்டர் கேஜ் நாட்கள்தான் நினைவில் ஓடின. அடுத்த ஸ்டேஷன் வரை போக அனுமதியான டோக்கனை ஸ்டேஷன் மாஸ்டர் பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டுவார், டிரைவர் ஓடுகிற வண்டியிலிருந்து கையை நுழைத்து வாங்கிக்கொள்வார். கைகாட்டி இறங்கியதும் பிளாட்பாரத்தில் இருக்கும் அத்தனை பேரும் எழுந்து நிற்பார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஒற்றைப் பாதையில் அப்படித்தான் அத்தனை நெல்லும் உப்பும் மனிதர்களும் போய் வந்தோம்.

எல்லாக் கம்பெனியும் கைமாறி 1951 ஏப்ரல் 14இல் தெற்கு ரயில்வே ஆனபோது இந்தப் பழைய கணக்கு காகிதத்தோடு நின்றுவிட்டது. இன்று நன்னிலம் ஸ்டேஷனிலோ முத்துப்பேட்டை ஸ்டேஷனிலோ இது ஜில்லா போர்டு பாதை, இந்த மாவட்டத்து விவசாயிகளின் வரியில் வந்தது என்று ஒரு பலகைகூட இல்லை. அதை வைக்கச் சொல்லித்தான் நானும் இங்கே சில நண்பர்களும் ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தரங்கம்பாடிப் பாதையையும் அதில் சேர்த்திருக்கிறோம்.

உன்னிடம் ஒரு உதவி. உன் தாத்தாவுக்குப் பூந்தோட்டம் பக்கம் நிலம் இருந்ததே, அந்தப் பழைய தீர்வை ரசீதுகள், கணக்கு நோட்டு ஏதாவது உன் அண்ணன் வீட்டுத் தகரப் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டுப் பார். ரயில் வரி என்று தனியாக எழுதியிருந்தால் அதை ஒரு படம் பிடித்து எனக்கு அனுப்பு, மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம். தை மாதத்துக்குள் கிடைத்தால் நல்லது. முழங்கால் வலிக்கு என்ன சொன்னார் டாக்டர் என்பதையும் மறக்காமல் எழுது.

என்றும் அன்புடன்,
வைத்தி