ரெக்கவரி டிஸ்க் எங்களுக்கு வேண்டும்: கணினி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கணினி தயாரித்து விற்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கெட்டுப்போன கணினியில் விண்டோஸை மறுபடி ஏற்ற உதவும் ரெக்கவரி டிஸ்க் இல்லாமல் ஒரு வீட்டுக் கணினியை மீட்பது என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணினியோடு சிடி கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியவர்களே நீங்கள்தான். அதற்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கிலேயே ஒரு பகுதியை ஒதுக்கி மீட்புக் கோப்புகளை அதில் வைத்தீர்கள். விண்டோஸ் மட்டும் கெட்டால் அது உதவும், மறுக்கவில்லை. ஹார்ட் டிஸ்க்கே போய்விட்டால்? மாற்றுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போல ஆகிவிடுகிறது. முதல் நாளே டிவிடியில் பதிந்துகொள்ளச் சொன்னோமே என்பீர்கள். புதுக் கணினி வந்த அன்று நாலைந்து வெற்று டிவிடி எந்த வீட்டில் இருந்தது?

என் அண்ணன் சிவகாசியில் வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை வடிவமைத்து அச்சகங்களுக்குக் கொடுப்பவர். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளும், யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டுக்கு முந்திய எழுத்துருக்களும்தான் அவருடைய தொழில் கருவிகள். மூத்த மகளுக்குப் பத்திரிகை அடித்தவர்கள் இளையவளுக்கும் அவரிடமே வருவார்கள். பழைய கோப்பைத் திறந்து, தாய்மாமன், சித்தப்பா என்று உறவினர் வரிசையைச் சரிபார்த்து, தேதியையும் மண்டபத்தையும் மாற்றித் தருவார். இதெல்லாம் விண்டோஸ் 7 போட்டு வந்த ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்த மாதத்தில் அதன் ஹார்ட் டிஸ்க் படுத்துவிட்டது.

சேவை மையத்தில் முதலில் சொன்ன வார்த்தை, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." நல்லவேளை, கோப்பெல்லாம் அழிந்துவிடும் என்று அண்ணன் சம்மதிக்கவில்லை. தெரிந்த பையன் ஒருவன் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து ஓடவிட்டு, படிக்க முடிந்த கோப்புகளையெல்லாம் வேறு டிஸ்க்கில் எடுத்துக் கொடுத்தான். சரி, கோப்புகள் பிழைத்தன. புது டிஸ்க்கும் போட்டாயிற்று. அதில் ஏற்ற விண்டோஸ் எங்கே? ரெக்கவரி டிஸ்க் கேட்டால், அந்த மாடலுக்கு நிறுத்திவிட்டோம் என்றார்கள். மைக்ரோசாஃப்ட் முன்பு விண்டோஸ் 7 தரவிறக்கம் கொடுத்தபோதும், கணினியோடு வந்த உரிம எண்ணை ஏற்காமல் உங்களைத்தான் கேட்கச் சொன்னது. இப்போது அந்தப் பக்கமும் இல்லை.

கேபினட் பக்கவாட்டில் நீங்கள் ஒட்டிய உரிமச் சீட்டு இன்னும் இருக்கிறது. 25 எழுத்துகள். தூசி துடைத்துத் துடைத்து மை அழிந்து, ஓரிடத்தில் அது எட்டா, ஆங்கில பி எழுத்தா என்று டார்ச் அடித்துப் பார்த்தும் தெரியவில்லை. காசு கொடுத்து வாங்கிய உரிமத்தின் அடையாளம் அவ்வளவுதான். கடைசியில் கடைத்தெருவில், "கிராக் போட்டுத் தர்றேன்ணே" என்றார்கள். முறையாக வாங்கியவனைத் திருட்டுப் பிரதியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமா?

கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருள்களான டிரைவர்கள் கதையும் இதேதான். பழைய மாடல்களின் பக்கத்தைத் தளத்திலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். இணைய இணைப்புக்கான லேன் டிரைவர் இல்லாமல் இணையமே வராத கணினியில் அதை எங்கே போய்த் தேடுவது?

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, புதுக் கணினி வாங்குங்கள் என்பது உங்கள் பதிலாக இருக்கும். அண்ணன் கேட்பது புதிய பாதுகாப்பு அப்டேட் இல்லை. இணையத்தில் இணைக்காமல் வேலை மட்டும் பார்க்கும் இயந்திரம் அது. வாங்கிய அன்று அதில் இருந்ததைத்தான் திரும்பக் கேட்கிறார். விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. நாளை அந்தக் கணினிகளுக்கும் இதே பதிலைத்தான் சொல்வீர்களா? நல்ல மதர்போர்டும் மானிட்டரும் ரெக்கவரி டிஸ்க்கின் முழு நகலான ஒரு டிஸ்க் இமேஜ் கோப்பு இல்லாததால் காயலான் கடைக்குப் போகின்றன. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுது நீக்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. கணினியைப் பொறுத்தவரை பழுது நீக்குவது என்றால் திருகாணியைக் கழற்றி மாட்டுவது மட்டும் இல்லையே.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இதுதான். கணினியின் சீரியல் எண்ணைக் கொடுத்தால், அந்த மாடலுக்கான மீட்பு இமேஜையும் டிரைவர்களையும் தரவிறக்க வழி செய்யுங்கள். மாடல் பழசாகிவிட்டது என்று அவற்றை அழிக்காதீர்கள். இணைய வசதி இல்லாதவர்களுக்கு நியாயமான விலையில் டிவிடியாகவோ பென்டிரைவாகவோ அனுப்புங்கள். சீரியல் எண் உங்கள் பதிவேட்டில் இருக்கிறது, யாருக்கு விற்றீர்கள் என்பதற்கு எங்களிடம் பில்லும் இருக்கிறது. அடுத்த முகூர்த்த மாதத்துக்குள் ஒரு பதில் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்